புதன்கிழமைப் புளியாணம்

சேசு மரி சூசை துணை

மொன்றியல்
செப்டெம்பர் 18, வியாழன்

அன்புள்ள பிலோமினாவுக்கு,

இதை எழுதுவது உன் புருஷன் சவிரிமுத்துதான். எழுத்தைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. நீயும் உன் ஞானம்மா அக்காவும் மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு, இங்கே நானும் மகனும் மருமகள் வதனியும் இருக்கிற விதத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் சந்தோஷச் செய்தி. எனக்கு எழுத வந்துவிட்டது. ஜெனாட் ரீச்சரை உனக்குத் தெரியும், கோயில் மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை வயதுபோன ஆட்கள் கூடும்போது தேநீர் ஊற்றுகிறவர். நீ போன பிறகு கோயில் அறிவித்தல் தாளை வாசித்துச் சொல்ல ஆளில்லாமல் அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை. "இன்னும் எத்தினை காலத்துக்கு ஆக்களிட்ட நீட்டப் போறீங்க அண்ணை? இருங்க இதில" என்று ஒரு பென்சிலைக் கையில் தந்துவிட்டார். மற்றவர்கள் சீட்டுக் கடதாசி விளையாடினார்கள். நான் மூலையில் இருந்து 'அ' போட்டேன். என் 'அ'வைப் பார்த்துவிட்டு, "இதென்ன, இறாலா?" என்று அவர் கேட்டார். வசந்தம் போய்க் கோடையும் போய்விட்டது. இப்போது பார்க் எக்ஸ் தெருக்களில் நடந்தால் தமிழ்க் கடைப் பலகைகள் எல்லாம் என்னைக் கூப்பிட்டுக் கதைக்கின்றன. நேற்று மிளகாய்த்தூள் பையில் இருந்ததை முழுவதும் வாசித்தேன், கடையின் தொலைபேசி இலக்கம் வரைக்கும்.

தொலைபேசி இருக்கும்போது கடிதம் என்னத்துக்கு என்று நீ கேட்பாய். இந்தப் பக்கம் தொலைபேசியை மகன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பக்கம் அக்கா, அக்காவின் மருமக்கள், சில நாட்களில் மீன்காரனும் நிற்கிறான். "சாப்பிட்டீங்களா, அங்க குளிரா" என்பதற்கு மேல் நான் எதைக் கேட்பது? முன்பு நான் கடற்கரை வாடியில் தங்கி மீன்பிடித்த காலத்தில், கூட இருந்த யோசெப் எனக்காக எழுதிய கடிதங்கள் "என் உயிரே" என்று தொடங்கும். நான் அவனிடம் சொன்னது, சுகமாக இருக்கிறேன், இந்த முறை மீன் பரவாயில்லை என்பது மட்டும்தான். மிச்சமெல்லாம் அவனுடைய கைவரிசை. இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் என்னுடையது. அழகில்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்.

இரண்டாவது செய்தி. பின்வளவில் நிற்கிற அப்பிள் மரம் காய்த்திருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, கொப்பு தாழ்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் மதாம் எலெனியின் முந்திரிகைக் கொடிப் பந்தலில் முட்டுகிறது. வைகாசியில் பூத்ததைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

அந்த நாளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. வாயால் வராதது கையால் வருகிறது போல் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். போன வருஷம் உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்த மரம் காய்க்கவில்லை. ஊரில் செய்கிறதைச் செய்து பார்ப்போம் என்று நான் கோடரியைத் தூக்கினேன். நீ மரத்தடியில் நின்றாய். புருஷன் வெட்டப் போக வேண்டும், பெண்சாதி குறுக்கே நின்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும், அப்போதுதான் மரத்துக்கு ரோஷம் வரும். "காய்க்காத மரம் என்னத்துக்கு இந்த வளவில? இண்டைக்கு வெட்டி எறியிறன்" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். நல்ல சத்தம். ஊரில் என்றால் வாவியின் அக்கரைக்குக் கேட்கிற சத்தம்.

வதனி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. குசினி யன்னல் திறந்து கிடந்ததும் தெரியாது. நீ மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய் திறக்கப் போகும்போது யன்னல் அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. கலியாணம் முடித்துப் பத்து வருஷத்துக்கு மேல் பிள்ளைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று அவளும் மகனும் முடிவெடுத்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. தனக்குக் கேட்கட்டும் என்றுதான் மரத்தைச் சாட்டிக் கதைக்கிறோம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மகன் வந்து கேட்டபோது நான் விளக்கம் சொல்ல வெளிக்கிட்டேன். நீ கையைக் காட்டி என்னை நிறுத்தினாய். "நான் அவளை அப்பிடிச் சொல்லுவன் எண்டு அவள் நினைச்சா, நினைச்சிட்டு இரிக்கட்டும். விளக்கம் சொல்லி நம்ப வைக்கிற அளவுக்கு நான் இந்த வீட்டில அந்நியமா?" என்றாய். அவளும் கேட்கவில்லை. ஒரு குசினியில் இரண்டு சட்டி வைக்கிற காலம் அன்றைக்குத் தொடங்கியது. இந்த வருஷம் மாசியில் ஊரில் அக்காவின் இடுப்பு எலும்பு முறிந்த செய்தி வந்தபோது நீ அக்காவுக்காக அழுதாய். ஆனால் பெட்டியை அடுக்கிய கையில் ஒரு அவசரம் இருந்தது, நான் பார்த்தேன்.

அக்கா இப்போது கோயிலுக்குத் தனியே நடந்து போகிறாராம். நல்லது, கர்த்தருக்குத் தோத்திரம். நீ எப்போது வருகிறாய் என்று மகன் கேட்டால் "பாப்பம்" என்கிறாய். அந்தப் "பாப்பம்" எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் ஒவ்வொரு முறையும் காதைக் கூர்மையாக்கிக் கேட்கிறேன். தெரியவில்லை.

சமையல் கதைக்கு வருகிறேன். மகனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, புதன்கிழமைகளில் இரவில். வதனிக்கு அங்கேயே விமானத்துக்குச் சாப்பாடு அடுக்குகிற இடத்தில் பகல் வேலை. ஆகவே கிழமையின் நடுவில் அந்த ஒரு பின்னேரம் நானும் அவளும் மட்டும். நாள் முழுக்க ஊர் உலகத்துக்குச் சாப்பாடு அடுக்கியவள், வரும் வழியில் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் எதையோ வாங்கிச் சூடாக்கித் தன் அறைக்குக் கொண்டுபோவாள். நான் குசினியில் பாணும் சம்பலும் சாப்பிடுவேன். ஒரு வீட்டில் இரண்டு மனுஷர் இப்படிச் சாப்பிடுவது பார்க்க நல்லாயில்லை, பிலோமி.

நேற்றுக் காலையில் மரத்தடியில் விழுந்து கிடந்த காய்களை வாளியில் பொறுக்கினேன். ஒன்றைக் கடித்தேன். பல் கூசியது. கடையில் வருகிற தேன் அப்பிள் இல்லை இது, மாங்காய்ப் புளிப்பு. வாடியில் பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தோல் சீவாமல் துண்டு துண்டாக வெட்டி, பருப்பு அரைவாசி வெந்ததும் போட்டு, பச்சை மிளகாயும் கடைசியில் தேங்காய்ப்பாலும் விட்டு இறக்கினேன். உப்புப் பார்க்கத்தான் ஆளில்லை. நீ அகப்பையில் எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றித் தருவாய். நானே என் கையில் ஊற்றிக்கொண்டேன். சூடு தெரிந்தது, உப்புச் சரியா பிழையா என்று தெரியவில்லை.

வதனி வந்து சட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு துண்டை வாயில் போட்டாள். "இந்தக் காலத்தில மாங்காய் எங்கால மாமா?" என்றாள். நீ போன பிறகு அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. "பின்வளவில" என்றேன். யன்னல் பக்கம் பார்த்தாள். முகம் மாறியது. சோற்றைப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஆனால் சோற்றுக் கோப்பை வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வந்தது. அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், வழியில் வேறெங்கோ போய்விட்டேன்.

கை வலிக்கிறது. அக்காவுக்கு என் அன்பு. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போ.

இப்படிக்கு
உன் சவிரிமுத்து


மொன்றியல்
ஒக்டோபர் 16, வியாழன்

அன்புள்ள பிலோமினா,

அங்கே தாண்டவன்வெளியில் மழை பிடித்துவிட்டது என்று மகன் சொன்னான். கூரை ஒழுகாமல், உடம்புக்கு ஒன்றும் வராமல் நீங்கள் இரண்டு பேரும் இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

என் கடிதம் கிடைத்தது என்று தொலைபேசியில் சொன்னாய். "எழுத்து நல்லாத்தான் இரிக்கு" என்றாய். பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. மகன், தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்துத் தொலைபேசியைத் தட்டினான். தொடர்பு அறவில்லை என்று எனக்குத் தெரியும். நீ மூச்சு விடுவது கேட்டது.

இங்கே மரங்கள் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாகிவிட்டன. எங்கள் காய்களையும் ஆய்ந்து முடித்துவிட்டேன். நிலவறையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒவ்வொரு புதனும் ஒரு விதம். ஒரு கிழமை அப்பிளைத் துருவி, வெங்காயமும் செத்தல் மிளகாயும் மாசிக் கருவாட்டுத் தூளும் போட்டுச் சம்பல். மறு கிழமை சீனியும் கறுவாவும் மிளகாய்த்தூளும் சேர்த்து, பாணி பதத்துக்குக் காய்ச்சி அச்சாறு போல ஒன்று. அது கொஞ்சம் அடிப்பிடித்தது, அந்த மணமும் நன்றாகத்தான் இருந்தது என்று வதனி சொன்னாள். மிச்சத்தைத் தோலோடு மெல்லிய துண்டாக வெட்டி, நூலில் கோத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். காய்ந்தால் கறுத்துச் சுருங்கி, மீன் கறிக்குப் போடுகிற கொறுக்காய்ப்புளி மாதிரியே இருக்கிறது. மகன் குனிந்து குனிந்து குசினிக்குள் வருகிறான். "அப்பா, இது வீடா, மீன் வாடியா?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போடுகிறான்.

செவ்வாய்க்கிழமைகளில் மெட்ரோவில் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் மீன் பார்க்கிறேன். இரண்டு பேர் இருக்கிற இருக்கையில் உன் யன்னல் ஓரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் இருந்துகொள்கிறேன். சனம் கூடினால் யாராவது வந்து, தள்ளி இருக்கச் சொல்லி பிரெஞ்சில் கேட்கிறார்கள். எழும்பி அவர்களை உள்ளே விடுகிறேன். இதையெல்லாம் வாசித்துவிட்டு, மனுஷன் சமையலும் சந்தையுமாக நான் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டார் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று ஒரு பயம் இருக்கிறது. அப்படி நினைக்காதே.

இனி நேற்று நடந்ததை எழுதுகிறேன். இதை எழுதத்தான் காலையில் இருந்து குந்தியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மதாம் எலெனிக்கு ஒரு கூடை அப்பிள் கொடுத்திருந்தேன். நேற்றுப் பின்னேரம் அந்த மனுஷி கூடையைத் திருப்பித் தர வந்தார். சும்மா வரவில்லை, அப்பிளின் நடுவைக் குடைந்து, தேனும் கொட்டைப் பருப்பும் அடைத்து, அடுப்புக்குள் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்தார். வதனி அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் பின்கதவில் நின்று பிரெஞ்சில் கதைத்தார்கள். எனக்கு "பொம்" என்ற ஒரு சொல்தான் விளங்கியது, அது அப்பிள். பிறகு அந்த மனுஷி மரத்தைக் காட்டினார். என்னைக் காட்டினார். இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கிக் கோடரி ஓங்குவதுபோல் செய்தார். ஆறுவதற்கு இருந்த புண்ணை இந்தக் கிழவி வந்து கிளறுகிறதே, இனி வதனி என் சமையலையும் தொடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு, சட்டியைத் துழாவுகிற சாட்டில் திரும்பி நின்றேன்.

சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் மதாம் எலெனி வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். கன்னத்தை மரத்தில் வைப்பதுபோல் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. வதனி ஏதோ கேட்டாள். அவர் ஓமென்று தலையை ஆட்டினார். வதனி மறுபடியும் அதையே கேட்டாள். அவர் மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு, அவளுடைய கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வதனி கதவைச் சாத்திவிட்டு மேசையில் வந்து இருந்தாள். அறைக்குப் போகவில்லை. "இவவின்ட ஊரிலயும் இப்பிடிச் செய்யிறவங்களாம் மாமா" என்றாள். கிரேக்கத்தில், மலைப்பக்கத்துக் கிராமத்தில். மரம் காய்க்காவிட்டால் புருஷன் கோடரியோடு போவானாம், பெண்சாதி போய் மரத்தைக் கட்டிக்கொண்டு கெஞ்சுவாளாம். போன வருஷம் வேலிக்கு மேலாக எங்களைக் கண்டு, தன் புருஷன் உயிரோடு இருந்த காலம் நினைவுக்கு வந்து அழுததாக மதாம் எலெனி சொன்னாராம். உன்னைப்போல மனதோடு கெஞ்சுகிற ஒருத்தியைத் தன் ஊரிலும் கண்டதில்லையாம்.

பார், பிலோமி. நாங்கள் தமிழில் சொல்லாமல் விட்டதை ஒரு கிரேக்க மனுஷி பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வதனி மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "மாமி என்ன சொல்லிக் கெஞ்சினவ?" எனக்குப் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. வழக்கமாகச் சொல்ல வேண்டியது, "வேணாம், வெட்டாதீங்க, வாற வருஷம் காய்க்கும்" என்பதுதான். நீ அப்படிச் சொல்லவில்லை. "வெட்டாதீங்க. காய்ச்சாலும் சரி, காய்க்காட்டியும் சரி, இது நம்மட வீட்டு மரம். நிண்டிரிக்கட்டும்" என்று சொன்னாய். அந்த நேரம் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படிச் சொன்னால் மரம் எப்படிப் பயப்படும், பிழையாகச் செய்கிறாயே என்று உன்னை ஏசினேன். நீ கோடரியை என் கையில் இருந்து பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். இதையும் வதனிக்குச் சொன்னேன்.

அவள் எழும்பிச் சட்டியைத் திறந்தாள். "சோறு ஆறுது மாமா, வாங்க" என்று இரண்டு கோப்பையிலும் போட்டாள். மேசையிலேயே சாப்பிட்டோம். இடையில் எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள், வந்து மறுபடியும் சாப்பிட்டாள். சட்டிகளை அவளே கழுவினாள். மாடிப்படியில் ஏறும்போது, "மாமியிட்ட இதைச் சொல்லாதீங்க, என்ன" என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் சொல்லவில்லை. எழுதித்தான் இருக்கிறேன்.

உனக்காகச் செபிக்கிற
சவிரிமுத்து


மொன்றியல்
நவம்பர் 5, புதன்

என் அன்பான பிலோமினாவுக்கு,

சகல ஆத்துமாக்கள் திருநாளன்று உன் அப்பா அம்மாவின் கல்லறைக்கு நீ மெழுகுதிரி கொண்டுபோயிருப்பாய். என் பங்குக்கும் ஒன்று கொளுத்தியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு, நானும் இங்கே கோயிலில் அவர்களுக்காக ஒன்று கொளுத்தினேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபால் பெட்டியைத் திறந்து, உறையில் என் பெயரை நானே வாசித்து, வாசலில் நின்றபடியே பிரித்தேன். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. தாளில் விழுந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து வாசித்தேன். எனக்கென்று நீ எழுதியதை நானே வாசிப்பது இதுதான் முதல் தடவை. நடுவில் ஆள் இல்லாமல் உன் குரல் நேரே காதுக்குள் வருகிறது, பிலோமி. இவ்வளவு காலமும் இந்த ருசியைத் தெரியாமல் இருந்துவிட்டேன். அன்றைக்கு நாலு தரம் வாசித்திருப்பேன்.

ஆனால் நீ எழுதியதைப் பார். அடிப்பிடித்த பாணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்பிள் வற்றலைக் காற்றுப் போகாத போத்தலில் உப்புத் தூவி வைக்கச் சொல்லியிருக்கிறாய். கடைசி வரியில், குளிர் வருகிறது, மரத்துக்கு அடியில் சருகு போட்டுச் சாக்குக் கட்டினீர்களா என்று கேட்டிருக்கிறாய். வதனியின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். மரத்தைப் பற்றிக் கேட்ட வரியில் மட்டும் பேனை கொஞ்ச நேரம் நின்று மை ஊறியிருக்கிறது. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். மரம் சுகமாக இருக்கிறது. சாக்குக் கட்டியாகிவிட்டது. கட்டியது நான் இல்லை, அவள். குளிரில் கை சிவக்கச் சிவக்க, கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

இன்றைக்கு அவள் வேலையால் வரும்போது கையில் கும்பளா மீன் இருந்தது. ஜான்-டலோனில் இறங்கி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கத்தியை எடுத்தேன். "விடுங்க மாமா, இண்டைக்கு நான் ஆக்கிறன். மாமி வைக்கிற புளியாணம்" என்றாள். நான் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல அவள் செய்தாள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை. புளிக்கு எங்கள் மரத்து வற்றல். மீனைப் போட்ட பிறகு அகப்பை போடாதே, சட்டியைச் சுழற்று என்றேன். சுழற்றினாள். பாலை எப்போது விட வேண்டும் என்று கேட்டாள். அதில்தான் இரண்டு பேரும் மாட்டுப்பட்டோம். நீ எப்போது விடுவாய்? வாடியில் நாங்கள் பாலே விடுவதில்லை. வீட்டில் நீ விடும்போது நான் வாசலில் வலையின் கிழிசல் பொத்திக்கொண்டு இருந்திருப்பேன். கொதிக்கும்போது விட்டோம், திரைந்துவிட்டது.

அவள் அகப்பையில் கொஞ்சம் எடுத்துக் குடித்துப் பார்த்தாள். "இது புளியாணமில்ல மாமா, புளித்தண்ணி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல சிரிப்பு, மகனுக்குக்கூட இந்த வீட்டில் அந்தச் சத்தம் மறந்துபோயிருக்கும். ஆனாலும் சோற்றில் விட்டுக் குழைத்து நிறையச் சாப்பிட்டோம். பசி, வெளியே பனி, உள்ளே சூடான ஆணம். அந்தப் புளித்தண்ணியை உனக்கு ஒரு வாய் தர முடிந்தால் நீ முகத்தைச் சுழித்து, "ஆரு பால் விட்ட?" என்று கேட்பாய். அதைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் தொலைபேசியை எடுத்தாள். உங்களுக்கு அங்கே விடியப் போகிற நேரம், மாமி எழும்பியிருப்பா என்றாள். இலக்கத்தை அழுத்தப் போய், வைத்துவிட்டாள். பிறகும் எடுத்தாள், பிறகும் வைத்தாள். "என்னத்தக் கதைக்கிற மாமா? பால் எப்ப விடுற எண்டு கேக்கவா? அங்க எல்லாரும் சுத்தி நிப்பாங்க" என்றாள். நான், அப்படியென்றால் எழுது என்றேன். "எழுதினா மாமி வாசிப்பாவா, கிழிச்சுப்போடுவாவா?" என்று கேட்டாள். நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன். உன் சார்பில் வாக்குக் கொடுத்து நான் எத்தனை முறை ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

மகன் நேற்று, மார்கழிக்குள் அம்மாவுக்கு விமான ரிக்கற் பார்க்கட்டுமா என்று என்னைக் கேட்டான். வேண்டாம், பொறு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அப்பாவுக்கு அம்மா வர விருப்பமில்லையோ என்றுகூட நினைத்திருப்பான். ரிக்கற் வந்தால் நீ வருவாய், எனக்குத் தெரியும். மகன் எடுத்துவிட்டானே என்று வருவாய். வந்து பழையபடி உன் சட்டியைத் தனியே வைப்பாய். அப்படி நீ வருவதைவிட, உனக்கு மனமுள்ள இடத்தில் இருப்பது நல்லது. இப்படி எழுதுவது எனக்குச் சுலபம் என்று நினைக்காதே. இந்த நாலு வரியை எழுத ஒரு முழுக் கோப்பை தேநீர் ஆறிவிட்டது.

மேசைக்கு மறுபக்கத்தில் வதனி இருக்கிறாள். தாளின் கீழ்ப்பாதியைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். நான் எவ்வளவு மெதுவாக எழுதுகிறவன் என்று உனக்குத் தெரியும், பாவம், கன நேரமாகக் காத்திருக்கிறாள். பேனையைக் கொடுத்துவிட்டு நான் வாசலில் பனி தள்ளப் போகிறேன். மிளகாய்த்தூள் பையைக்கூட விடாமல் வாசிக்கிற மனுஷன்தான் நான், ஆனாலும் அவள் எழுதுவதை வாசிக்கமாட்டேன். மடித்துத் தந்தால் அப்படியே உறையில் வைத்து ஒட்டுவேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய். இந்த முறை எனக்குப் பதில் போடாதே. உன் எழுத்துக்காக நான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், அது என் பாடு. உன் பதிலை அவளுக்கு எழுது. உறையில் அவளுடைய பெயரைப் போடு. என்ன எழுதினாலும் சரி, பால் எப்போது விட வேண்டும் என்று மட்டும் எழுதினாலும் சரி.

மாதா உன் தலைமாட்டில் நின்று காக்கட்டும். அக்காவின் கைத்தடிக்குக் கீழே தரை வழுக்காமல் இருக்கட்டும்.

உன்
சவிரிமுத்து

இதற்குக் கீழே உள்ள இடம் வதனிக்கு.